காரின் சென்சார்களை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கலாம். கடந்த மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

பள்ளி விடுமுறைக்காகக் கோவையிலிருந்து குடும்பத்துடன் குன்னூருக்குப் புறப்பட்டோம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் மலைக்காற்று வந்ததால் ஏ.சி.யை நிறுத்தினேன். வண்டியும் கொஞ்சம் சுலபமாக ஏறும் அல்லவா? பர்லியாறு அருகே பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் இறக்கி, சாலையோரம் நிற்க வைத்தேன். என் காரில் வெப்பம் காட்டும் முள் கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான் உண்டு. அந்த விளக்கு கடைசி வரை எரியவே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அங்கே வண்டியை நிறுத்திய ஒரு ஜீப் டிரைவர், "ஏ.சி.யைப் போட்டுக்கிட்டே இறங்குங்க சார், ஃபேன் ஓடும்" என்றார். அவர் சொன்னபடியே செய்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். என்ன பழுது என்பதற்கான முதல் துப்பும் அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் இருந்தது. ஏ.சி. போட்டால் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது என்றால் ஃபேன், ரிலே, ஃபியூஸ் மூன்றும் நன்றாகவே உள்ளன. "என்ஜின் சூடாகிவிட்டது, ஃபேனை ஓட்டு" என்ற கட்டளை மட்டும்தான் வரவில்லை.

இதற்குச் சில மாதங்கள் முன்பே லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்த வண்டி 13க்கு இறங்கியிருந்தது. புகையில் பெட்ரோல் வாடை வந்தது. ஒரு ஒர்க் ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி 6,500 ரூபாய் வாங்கினார்கள். பலன் ஒன்றுமில்லை. உண்மையான பழுதைச் சரி செய்ய ஆன செலவு 150 ரூபாய்! அதைக் கண்டுபிடிக்க உதவியவை ஒரு லேப்டாப், ஒரு சிறு அடாப்டர், ஒரு மல்டிமீட்டர் ஆகியவைதான். அந்த முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இன்றைய பெட்ரோல் கார்களில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் தர வேண்டும் என்பதை இ.சி.யு. என்னும் சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. நம் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுஸும் போல, இதற்குச் சென்சார்கள்தான் இன்புட் சாதனங்கள். தவறான தகவல் உள்ளே போனால் தவறான விடைதான் வெளியே வரும்.

இந்தக் கம்ப்யூட்டருடன் நாம் பேசுவதற்கான பொது வழிதான் ஓ.பி.டி. 2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் ஓ.பி.டி. 1, 2013 ஏப்ரலில் ஓ.பி.டி. 2 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. என்னுடையது 2014 மாடல் என்பதால் கவலை இல்லை. அதற்கு முந்தைய பல கார்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தேவையானவை

1. இ.எல்.எம். 327 வகை அடாப்டர். யு.எஸ்.பி., புளூடூத், வைஃபை என மூன்று வகைகளில் கிடைக்கிறது. சாதாரண புளூடூத் அடாப்டர் ஐபோனுடன் இணையாது. அதற்கு வைஃபை அல்லது புளூடூத் எல்.இ. வகை வேண்டும். மிக மலிவான நகல்கள் சில கார்களுடன் பேச மறுக்கும். எனவே திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

2. லேப்டாப் அல்லது ஆண்ட்ராய்ட் போன். போனுக்கு டார்க், கார் ஸ்கேனர் போன்ற அப்ளிகேஷன்கள் உள்ளன.

3. டிஜிட்டல் மல்டிமீட்டர்.

4. முடிந்தால் தொழிற்சாலைகளில் பயன்படும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் வெப்பத்துக்கு அருகில் உள்ள அளவுகளை மட்டுமே காட்டும்.

இணைப்பது எப்படி?

ஸ்டியரிங்கிற்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மேல் பக்கம் அகலமாகவும் கீழ்ப் பக்கம் குறுகலாகவும் இருப்பதால் தவறாகச் செருக முடியாது. இதன் 16ஆவது பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். எனவே சாவி இல்லாமலே அடாப்டரின் விளக்கு எரியும்.

அடாப்டரைச் செருகிய பின் சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். புளூடூத் வகை என்றால் பேரிங் எண்ணாகப் பெரும்பாலும் 1234 அல்லது 0000 கேட்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் பகுதியில் அடாப்டருக்கு எந்த காம் போர்ட் எண் கிடைத்துள்ளது என்று குறித்துக் கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சாப்ட்வேரில் கொடுக்க வேண்டும். யு.எஸ்.பி. வகைக்கு வேகம் பெரும்பாலும் 38400.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் புட்டி போன்ற டெர்மினல் புரோகிராமில் அதே போர்ட்டைத் திறந்து 01 05 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'என்ஜின் குளிர்நீரின் வெப்பம் என்ன?' என்று கேட்பதற்கான கட்டளை இது. என் காரில் வந்த பதில் 41 05 64. இதில் கடைசி எண் 64 ஹெக்ஸாடெசிமல். அதைத் தசம எண்ணாக்கினால் 100. அதிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். ஆக, வெப்பம் 60 டிகிரி. 40ஐ ஏன் கழிக்கிறோம்? பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிரையும் ஒரே பைட்டில் சொல்வதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதனால்தான் சென்சார் வயர் கழன்று போனால் திரையில் மைனஸ் 40 என்று வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கோடு எண்ணைப் படிப்பது

இ.சி.யு. ஒரு பழுதை உணர்ந்தால் டேஷ்போர்டில் என்ஜின் விளக்கை ஏற்றி, ஒரு கோடு எண்ணைச் சேமித்து வைக்கும். உதாரணமாக பி0118. இதில் பி என்பது என்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்த 0 எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு என்பதைச் சொல்லும். அதற்கடுத்த 1 காற்று, பெட்ரோல் அளவீடு சார்ந்தது என்பதைக் காட்டும். 3 என்று இருந்தால் ஸ்பார்க் அல்லது மிஸ்ஃபயர்.

வீட்டில் அடிக்கடி சந்திக்கக் கூடியவை:

பி0107, பி0108 - காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சாரின் வோல்டேஜ் குறைவு, அதிகம்.
பி0117, பி0118 - குளிர்நீர் வெப்ப சென்சாரின் வோல்டேஜ் குறைவு, அதிகம்.
பி0122, பி0123 - த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு, அதிகம்.
பி0171, பி0172 - கலவையில் பெட்ரோல் குறைவு, அதிகம்.

கோடு வந்தவுடன் அழித்துவிடாதீர்கள். பழுது தோன்றிய நொடியில் வேகம், வெப்பம் எல்லாம் என்னவாக இருந்தன என்பதை இ.சி.யு. சேமித்து வைத்திருக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் இரண்டையும் நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். கோடில் ஒரு சென்சாரின் பெயர் இருப்பதால் அந்தச் சென்சார்தான் பழுது என்று பொருளல்ல. வயர், கனெக்டர், ஒழுகும் குழாய் எதுவாகவும் இருக்கலாம். பாகத்தை வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

என் காரிலோ கோடு எதுவுமே இல்லை! இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். சென்சார் சொல்வது நடக்கவே முடியாத அளவாக இருந்தால் இ.சி.யு. உடனே பிடித்துவிடும். நடக்கக் கூடிய அளவாகத் தவறு செய்தால் பல நேரம் நம்பிவிடும். அதைப் பிடிக்க நேரடி அளவுகளைப் பார்க்க வேண்டும்.

நேரடி அளவுகளில் எதைப் பார்ப்பது?

மேப் சென்சார்: சாவி ஆன், என்ஜின் ஆஃப் நிலையில் இது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல், கோவையில் சுமார் 96, ஊட்டியில் சுமார் 77. என்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது பொதுவாக 25 முதல் 40க்குள் இருக்கும்.

ஆக்சிஜன் சென்சார்: சாதாரண வகை என்றால் சூடான பின் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை வேகமாக ஏறி இறங்கிக் கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்படலாம்.

ஃப்யூயல் ட்ரிம்: கணக்கிட்ட பெட்ரோலை விட எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. கூட்டல் கழித்தல் 10க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. என் காரில் மைனஸ் 14. அதாவது தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது என்று ஆக்சிஜன் சென்சார் சரியாகவே சொல்லியிருக்கிறது. நாங்கள் மாற்றியதோ அந்த உண்மையைச் சொன்ன சென்சாரைத்தான்!

வெப்ப சென்சார்கள்: இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் குளிர்நீர் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் காரில் காற்று 30, குளிர்நீர் 25. ஐந்து டிகிரிதானே என்று முதலில் விட்டுவிட்டேன். அது என் தவறு.

பெரும்பாலான சாப்ட்வேர்களில் இந்த அளவுகளைப் பைலாகச் சேமிக்கலாம். சி.எஸ்.வி. பைலாகச் சேமித்து எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் திறந்து, நேரத்தையும் வெப்பத்தையும் செலக்ட் செய்து லைன் சார்ட் போட்டுப் பாருங்கள். எல்லா அளவுகளையும் ஒன்றாகக் கேட்டால் வேகம் குறையும். நான்கைந்து மட்டும் தேர்ந்தெடுங்கள்.

என் காரில் பிடிபட்டது எப்படி?

கால் மணி நேரம் ஓட்டிய பின் சார்ட்டில் வெப்பம் 60க்கு ஏறி அங்கேயே நின்றது. ஐடில் வேகம் 750க்கு இறங்காமல் 1000க்கு மேலேயே இருந்தது. காரணம் இரண்டில் ஒன்றுதான். தெர்மோஸ்டாட் திறந்தே நின்று என்ஜின் உண்மையிலேயே சூடாகாமல் இருக்கலாம். அல்லது அளவு பொய்யாக இருக்கலாம்.

தெர்மோஸ்டாட் உறையின் மேல் கறுப்பு டேப் ஒட்டி இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்தேன். பளபளப்பான உலோகத்தை நேரடியாக அளந்தால் குறைவாகக் காட்டும் என்பதால்தான் டேப். 86 டிகிரி! எனவே அளவுதான் பொய்.

உடனே சென்சார் வாங்கக் கடைக்கு ஓடவில்லை. ஒரு முறை பட்டது போதாதா? மறுநாள் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் இரு பின்களுக்கு இடையே மல்டிமீட்டரால் அளந்தேன். 1,700 ஓம். இந்தச் சென்சாரில் வெப்பம் ஏற ஏற ஓம் குறையும். என் சென்சார் வகைக்கான அளவுகள் தோராயமாக இவை:

30 டிகிரி - 1,700 ஓம்
60 டிகிரி - 600 ஓம்
80 டிகிரி - 320 ஓம்
90 டிகிரி - 240 ஓம்

அன்றைய வெப்பம் 30. எனவே சென்சார் நல்லது. கனெக்டர் கழன்ற நிலையில் திரையில் மைனஸ் 40 வந்தது. இதுவும் சரி. அடுத்து கனெக்டரில் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தேன். ஓம் பூஜ்யம் என்பதால் திரையில் 120க்கு மேல் காட்ட வேண்டும். காட்டியதோ 78!

பட்டியலைப் பாருங்கள். 78 டிகிரி என்றால் சுமார் 350 ஓம். நான் கொடுத்தது பூஜ்யம். எனவே அந்த 350 ஓம் வயரிலோ கனெக்டரிலோ ஒளிந்திருக்கிறது. இப்போது எல்லாப் புதிர்களும் விடுபடுகின்றன. காலையில் 1,700 உடன் 350 சேர்ந்தால் 2,050. அது 25 டிகிரிக்கான அளவு. எனவே ஐந்து டிகிரி மட்டுமே வித்தியாசம். 90 டிகிரியில் 240 உடன் 350 சேர்ந்தால் 590. அது 60 டிகிரிக்கான அளவு. 30 டிகிரி வித்தியாசம்! மலை ஏறும்போது என்ஜின் 115 டிகிரியைத் தொட்டிருந்தாலும் இ.சி.யு.வுக்குத் தெரிந்திருப்பது 68 அளவில்தான். ஃபேனும் ஓடாது, சிவப்பு விளக்கும் எரியாது. ஊருக்குள் எப்போதும் ஏ.சி. போட்டு ஓட்டியதால் இது வெளியே தெரியவே இல்லை.

கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். மாற்றமில்லை. கனெக்டரின் பின்புற ரப்பரை நகர்த்தினால், வயரும் பின்னும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதை வெட்டிவிட்டு வயருடன் கூடிய புதுக் கனெக்டரைப் பொருத்தினார். "சென்சார் போச்சுன்னு வர்ற வண்டியில பாதி இதுதான் தம்பி" என்றார்.

மீண்டும் அதே சோதனைகள். காலையில் 30க்கு 30. இரு முனைகளை இணைத்தால் 120க்கு மேல். ஓட்டிய பின் 89. ஏ.சி. இல்லாமல் ஐடிலில் விட்டபோது 96இல் ஃபேன் தானாக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மைலேஜும் 16க்குத் திரும்பியது. ஒரு முறை கொதித்த என்ஜின் என்பதால் ஹெட் கேஸ்கட்டையும் சோதிக்கச் சொன்னேன். நல்ல வேளையாகத் தப்பியிருந்தது.

அட்ஜஸ்ட் செய்யக் கூடிய சென்சார்

பெரும்பாலான சென்சார்களை அட்ஜஸ்ட் செய்ய முடியாது. சுத்தம் செய்யலாம் அல்லது மாற்றலாம். விதிவிலக்கு, 2000ஐ ஒட்டி வந்த சில கார்களில் உள்ள த்ராட்டில் பொசிஷன் சென்சார். என் சித்தப்பாவின் 2002 மாடல் காரில் இதன் ஸ்குரூ துளைகள் நீளவாக்கில் இருக்கும். அப்படி இருந்தால் அட்ஜஸ்ட் செய்யலாம் என்று அர்த்தம். வட்டத் துளை என்றால் விட்டுவிடுங்கள்.

1. சாவி ஆன், என்ஜின் ஆஃப். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள்.
2. மூன்று வயர்களில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் பூஜ்யம், மூன்றாவதில் சிக்னல். எது எது என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.
3. த்ராட்டில் முழுவதும் மூடிய நிலையில் சிக்னல் பொதுவாக 0.5 வோல்ட் அருகே இருக்கும். உங்கள் மேனுவலில் உள்ள அளவே இறுதியானது.
4. ஸ்குரூக்களைச் சற்றே தளர்த்தி, சென்சாரை மெதுவாகத் திருப்பி அந்த அளவுக்குக் கொண்டு வந்து இறுக்குங்கள்.
5. த்ராட்டிலை மெல்லத் திறங்கள். வோல்டேஜ் தாவாமல் சீராக 4 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். இடையில் பூஜ்யத்துக்கு விழுந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும்.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் இதைச் செய்யக் கூடாது.

எச்சரிக்கைகள்

* சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
* என்ஜின் ஆஃப் ஆக இருந்தாலும் ஃபேன் திடீரென ஓடலாம். கையைத் தள்ளி வையுங்கள்.
* மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.
* முனைகளை இணைக்கும் சோதனை இரண்டு வயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டுமே. மூன்று வயர் சென்சாரில் செய்தால் இ.சி.யு. கெடலாம்.
* மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. தொட வேண்டாம்.
* ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். பைலில் சேமித்துப் பிறகு பாருங்கள் அல்லது பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.
* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியைச் சிறிது சிறிதாக இழுக்கும்.

வாரண்டி உள்ள காராக இருந்தால் வயரில் கை வைக்காமல், படித்த அளவுகளை மட்டும் எழுதிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். "மைலேஜ் குறைகிறது" என்று சொல்வதற்கும், "காலையில் காற்று 30, குளிர்நீர் 25 காட்டுகிறது" என்று சொல்வதற்கும் கிடைக்கும் கவனிப்பே வேறு.

உங்கள் கார் இப்போது நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அடாப்டரைச் செருகி, ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் எல்லா அளவுகளையும் ஒரு பைலில் சேமித்து வையுங்கள். நாளை ஏதாவது கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. என்னிடம் அப்படி ஒரு பைல் இருந்திருந்தால், அம்மா பர்லியாற்றில் சாலையோரம் நின்றிருக்க வேண்டியதில்லை.